லாரி எண்களுக்காக ஜெபித்த வீடு

கன்டெய்னர் லாரி நிற்கும்போது அதன் பிரேக்கிலிருந்து 'புஸ்ஸ்' என்று காற்று வெளியேறும். அந்தச் சத்தத்துக்கு எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி ஒருமுறை நடுங்கி அடங்கும், சமையலறையில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுக்கும், டீசலும் சூடேறிய ரப்பரும் கலந்த வாடை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். திருவொற்றியூரில், துறைமுகத்துக்குப் போகும் பெரிய சாலையிலிருந்து நான்காவது வீடு எங்களுடையது. எனக்குப் பதினோரு வயதான அந்தக் கோடை விடுமுறையை நினைத்தால் மாம்பழமும் ஊர்ப் பயணமும் எனக்கு நினைவுக்கு வருவதில்லை, அந்த 'புஸ்ஸ்' சத்தம்தான் வருகிறது.

அப்போதெல்லாம் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் லாரிகள் எண்ணூர் தொடங்கி காசிமேடு வரைக்கும் வரிசையில் நிற்கும். ஒரு நாள், இரண்டு நாள், சில வேளை நாலைந்து நாள்கூட. சரக்கை இறக்கிவிட்டுப் போன வண்டிகளே மறுபடியும் வந்து வரிசையில் சேரும். வண்டியை விட்டு இறங்கிப் போகவும் முடியாது, ஏனென்றால் வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. டிரைவர்கள் வண்டிக்கடியில் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். கிளீனர்கள் காலி பாட்டில்களைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் தெருவுக்குள் வந்து வீடு வீடாகப் பார்ப்பார்கள். பார்ப்பார்களே தவிர, கேட்கக் கூச்சப்படுவார்கள்.

எங்கள் வீட்டில் தினமும் மாலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். அப்பா எர்ணாவூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். வேதாகமத்தை முதல் பக்கத்தில் தொடங்கி ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம் என்று வரிசையாக வாசிப்பார், எதையும் தாண்ட விடமாட்டார். வம்ச வரலாறு, கூடாரத்தின் அளவு, குஷ்டரோகத்தின் அறிகுறி எல்லாவற்றையும் நாங்கள் முழுதாகக் கேட்டிருக்கிறோம். அந்த வரிசைக்கு வெளியே, விடுமுறையில் நான் சுவிசேஷத்திலிருந்து ஒரு பகுதி வாசிக்க வேண்டும். அப்படி ஒரு மாலையில் என் பங்குக்கு வந்தது, சிறியவர் ஒருவருக்குக் கொடுக்கிற ஒரு கலசம் தண்ணீரைப் பற்றிய வசனம். மறுநாள் காலை அப்பா எங்கள் ஏழு குடங்களில் ஆரஞ்சு நிறக் குடத்தை எடுத்துத் தனியாக வைத்தார். அது லாரிக்காரர்களுக்காம்.

வடசென்னையில் ஒரு குடம் நல்ல தண்ணீர் என்றால் என்ன என்பது அங்கே வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும். தெருவின் அந்தக் கோடியில் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி. தண்ணி லாரி வந்து நிரப்பும். வீட்டுக்கு ஏழு குடம், அதுவும் வரிசையில் நின்று. அம்மா அப்போது கர்ப்பமாக இருந்ததால் குடம் தூக்கும் வேலை முழுக்க என் இடுப்பின் மேல். அம்மாவும் சும்மா விட்டுக்கொடுக்கவில்லை.

"வேதத்துல ஒரு கலசம்னுதானே போட்டுகீது? நீ இன்னாத்துக்குக் குடம் குடுக்கற?" என்றாள்.

"கலசம் ஒருத்தருக்கு. ரோட்டாண்ட எத்தினி பேரு கீறாங்க பாரு," என்றார் அப்பா.

அம்மாவுக்கு வந்த சிரிப்பில் வழக்கு தள்ளுபடியானது. குடத்தைச் சுமக்கப்போகிற என்னை இரண்டு பேருமே கேட்கவில்லை.

தண்ணீர் கொடுத்ததோடு அப்பா நிற்கவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபத்தில் அவர்களுக்காகவும் வேண்டிக்கொள்ள வேண்டும் என்றார். ஆனால் எங்களுக்கு யார் பெயரும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் வண்டி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம்தான். அதனால் அப்பா அதை வைத்தே ஜெபித்தார். கோயிலில் 'கிருபையும் இரக்கமுமுள்ள பிதாவே' என்று கம்பீரமாகத் தொடங்குகிறவர், வீட்டில் மூன்றாவது வாக்கியத்துக்குள் 'நைனா'வுக்கு இறங்கிவிடுவார். "நைனா, சங்ககிரி வண்டி நாப்பத்தேழுக்கு முதுவு வலி. ஆந்திரா அறுவத்திரெண்டு புள்ளைக்கு ஜொரம் வுடணும். அந்தப் பஞ்சாப் வண்டி பதிமூணு, அவுரு பேசறது எங்களுக்குப் புரியல, உனக்குப் புரியும்." கடவுளிடம் போக்குவரத்துக் காவலர் மாதிரி எண் சொல்லிக்கொண்டிருக்கிறாரே என்று எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. தகவல் சேகரித்து வருவது மட்டும் என் பொறுப்பு.

நான்கு வாரம் ஒழுங்காகச் சுமந்தேன். ஐந்தாவது வாரம் எனக்கு வெறுத்துப்போயிற்று. என் தோழிகள் எல்லாம் பாண்டி ஆடுகிற நேரத்தில் நான் மட்டும் ஆரஞ்சுக் குடத்தோடு தெருக்கோடிக்கும் சாலைக்கும் நடந்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டை ஒட்டியே ஒரு அடிபம்பு இருந்தது. அதில் வருவது உப்புத் தண்ணீர். பாத்திரம் கழுவ, துணி அலச மட்டும்தான் அது. ஒரு நாள் அதில் குடத்தை நிரப்பிக் கொண்டுபோய் ஊற்றினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் அப்படியே செய்தேன். அப்படி மிச்சமான ஒரு குடம் தொட்டித் தண்ணீரை வீட்டிலேயே வைத்து, அம்மாவிடம் 'இன்னிக்கு ஒரு கொடம் சேத்துக் கெடச்சிச்சு' என்று நல்ல பெயரும் வாங்கிக்கொண்டேன்.

நான்காம் நாள் பிற்பகல். முதல் ஷிஃப்ட் முடிந்து அப்பா அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றியிருந்தார். கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால், சங்ககிரி நாற்பத்தேழு நிற்கிறார். முதுகு வலிக்காரர். தோளில் இருபது லிட்டர் கேன் தண்ணீர்.

"ஏனுங்க, உங்க ஊட்டுக்கு நல்ல தண்ணி வர்றதில்லீங்களா?" என்றார் அப்பாவிடம். "நாலு நாளா அம்மிணி உப்புத் தண்ணியாக் கொண்டாருது. இருக்கறதத்தானுங்க குடுக்க முடியும். ஊட்டுல மாசமா இருக்கறவங்க வேற இருக்கறாங்கன்னு, நாங்க நாலு வண்டிக்காரங்க சேந்து வாங்குனமுங்க. வெச்சுக்கங்க."

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. அப்பா ஒரு கணம் கேனைப் பார்த்தார், ஒரு கணம் சமையலறையில் நல்ல தண்ணீர் நிறைந்து வரிசையாக நின்ற ஏழு குடங்களையும் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "உள்ள வந்து குந்து வாத்யாரே" என்று அவரை உட்கார வைத்து, அம்மாவிடம் டீ போடச் சொல்லி, முதுகு வலிக்கு ஒரு தைலமும் கொடுத்து அனுப்பினார்.

அப்பா என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஏழு மணிக்கு அதிகாரம் வாசித்து முடித்து, முழங்காலில் நின்று, கண்ணை மூடி, அன்றைக்குப் 'பிதாவே' எல்லாம் இல்லாமல் நேராகவே தொடங்கினார்.

"நைனா, நாங்க உப்புத் தண்ணி குடுத்தோம். வூட்ல நல்ல தண்ணிய வெச்சிக்கினு உப்புத் தண்ணி குடுத்தோம். எங்கள மன்னிச்சிடு."

அந்த 'நாங்க'தான் என்னைக் கொன்றது. குடமே தூக்காத மனுஷன் என் கள்ளத்தனத்தில் பாதியைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டு நிற்கிறார். ஜெபத்தின் நடுவில் பேசக் கூடாது என்பதையும் மறந்து "நான்தாம்பா" என்று அழுதுவிட்டேன். அப்பா ஜெபத்தை நிறுத்தாமல் என் தலையில் கை வைத்தார்.

மறுநாள் காலை தொட்டித் தண்ணீரோடு நாற்பத்தேழின் முன்னால் போய் நின்றேன். "எங்க வூட்ல நல்ல தண்ணி கீதுண்ணா. நான்தான் பம்புல புடிச்சிக்கினு வந்தேன்," என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் நான் குடத்திலிருந்து மொண்டு நீட்டிய சொம்பை வாங்கி, அண்ணாந்து முழுவதும் குடித்தார்.

"இன்னிக்கு இனிக்குதுங்க அம்மிணி," என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு விடுமுறை முடியும் வரை ஒரு நாள்கூட அந்தக் குடம் எனக்குக் கனக்கவில்லை என்று எழுத ஆசைதான். கனத்தது. ஆனாலும் சுமந்தேன்.

ஜூன் மாதம் பள்ளி திறக்க இரண்டு நாள் இருந்தபோது, காலை ஒன்பது மணிக்கு அம்மாவுக்கு வலி எடுத்தது. மருத்துவர் சொன்ன நாளுக்குப் பதினைந்து நாள் முன்னதாகவே. அப்பா வேலைக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டுக் கஸ்தூரி அக்கா, எந்நேரமும் நெற்றி நிறையக் குங்குமத்தோடு இருக்கும் தைரியசாலி, ஓர் ஆட்டோவைப் பிடித்து வந்து அம்மாவை ஏற்றினாள். தெருமுனைக்குப் போனால் சாலையே இல்லை. இருக்கிற இடம் முழுக்க லாரி. போகிற பக்கம், வருகிற பக்கம், மண் தரை எல்லாவற்றிலும் கன்டெய்னர்கள் முட்டிக்கொண்டு நின்றன. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால் அதுவும் இதே வரிசையில் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தது. பிரசவ ஆஸ்பத்திரி இருப்பதோ ராயபுரத்தில்.

அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டோ கம்பியைப் பிடித்திருந்தாள். கஸ்தூரி அக்கா அம்மாவின் சேலையைத் தூக்கிப் பார்த்தாள், அவள் முகமே மாறிப்போயிற்று. "தண்ணிக்கொடம் ஒடைஞ்சிகிச்சுடி" என்றாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். "நீ போய் சொல்லு. உனக்குத்தான் அவங்களத் தெரியும்."

ஓடினேன். தெரிந்த எண் ஏதாவது கண்ணில் படாதா என்று ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு ஓடினேன். ஏழாவதோ எட்டாவதோ வண்டி, நாற்பத்தேழு. அந்த எண்ணைக் கண்டபோது எனக்கு வந்த சந்தோஷம் அதற்குப் பிறகு எந்தத் தேர்வு முடிவைப் பார்த்தும் வந்ததில்லை. அவர் நான் சொன்னதைப் பாதிதான் கேட்டார். "பதறாதீங்க அம்மிணி" என்று குதித்து இறங்கி, முன்னால் நின்ற வண்டியின் கதவில் உள்ளங்கையால் படபடவென்று அறைந்தார். அந்த வண்டிக்காரர் அடுத்த வண்டியை அறைந்தார். "தண்ணி குடுக்கற பாப்பாவோட அம்மா" என்று தமிழில் கிளம்பிய சேதி தெலுங்காகி, இந்தியாகி, எனக்குப் பெயர் தெரியாத பாஷைகளுமாகிக் காசிமேட்டை நோக்கி ஓடியது.

நாற்பதடி நீள வண்டியை ஒரு முழம் நகர்த்துவது லேசான காரியமில்லை. நாள்கணக்காக அணைந்து கிடந்த என்ஜின்கள் உறுமி எழுந்தன. ஒன்று முன்வண்டியை உரசும்படி நகர்ந்தது. ஒன்று பின்னால் போனது. ஒன்று நடுத்திட்டின் மேல் இரண்டு சக்கரத்தை ஏற்றிச் சாய்ந்து நின்றது. கிளீனர்கள் வெயிலில் இறங்கி, 'வா, வா, வா' என்றும், நிற்பதற்கு 'ஓல்டு' என்றும் கையசைத்தார்கள். சாலையின் நடுவே, ஓர் ஆட்டோ போகிற அகலத்துக்கு, ஒரு வழி திறந்தது. இரண்டு பக்கமும் சுவர் மாதிரி கன்டெய்னர்கள், சிவப்பும் நீலமுமாக. அந்த வழியில் எங்கள் ஆட்டோ போயிற்று. நான் டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டு, தெரிந்த எண்களை எல்லாம் பார்த்துக் கத்திக்கொண்டே வந்தேன். ஆந்திரா அறுபத்திரண்டு ஹாரனை விடாமல் அடித்தார். பஞ்சாப் பதிமூன்று கும்பிட்டார். தண்டையார்பேட்டைக்கு அப்பால் யாருக்கும் என்னைத் தெரியாது. ஆனால் சேதி எங்களுக்கு முன்னால் போயிருந்தது. அவர்களும் ஒதுங்கி நின்றார்கள். கஸ்தூரி அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, முருகனையும் ஏசுவையும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரிக்குள் போன அரை மணி நேரத்தில் தம்பி பிறந்தான்.

மாலை பார்வை நேரத்தில் அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வேதாகமத்தோடு வந்தார். அம்மா கட்டிலில் இருந்தபடியே, "இன்னிக்காவது அந்தச் சமுத்திரம் பொளந்தத படியேன்," என்றாள். எனக்கும் அதுதான் ஆசை. அப்பா தயங்கினார். பிறகு, "வரிசைல இன்னிக்கு வர்றது நெகேமியா மூணாம் அதிகாரம்," என்று அதையே எடுத்தார். எருசலேமின் மதிலை யார் யார் எடுத்துக் கட்டினார்கள் என்கிற நீளமான பெயர்ப் பட்டியல் அது. இவன் பக்கத்தில் அவன் கட்டினான், அவன் பக்கத்தில் இன்னொருவன் கட்டினான் என்று போய்க்கொண்டே இருக்கும். மற்ற நாளென்றால் நான் தூங்கியிருப்பேன். அன்றைக்கு ஒவ்வொரு பெயருக்கும் ஒரு லாரி என் கண் முன்னால் நகர்ந்து நின்றது. பக்கத்துக் கட்டில் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். வாசித்து முடித்து, வேதாகமத்தை மூடாமலே, அப்பா பட்டியலைத் தொடர்ந்தார்: நாற்பத்தேழு, அறுபத்திரண்டு, பதிமூன்று. குரல் உடைந்து நின்றபோது மீதி எண்களை நான் சொன்னேன். முதல் ஆமென் கஸ்தூரி அக்காவுடையது.

கோயிலில் எல்லோரும் பிள்ளைக்கு மோசே என்று பெயர் வைக்கச் சொன்னார்கள். அப்பா நெகேமியா என்று வைத்தார். வழி திறக்கும் என்பதற்காக நாங்கள் தண்ணீர் கொடுக்கவில்லை என்பார் அவர், யாராவது இதைக் கதையாகச் சொல்ல ஆரம்பித்தால். அவர் சொல்வது சரிதான். ஆனாலும் சொல்லாமல் இருக்க என்னால் முடிவதில்லை.

இப்போது அந்தச் சாலையை அகலமாக்கிவிட்டார்கள். அந்த நாளைப் போல நாள்கணக்கில் நிற்கும் வரிசையை நான் பார்த்துப் பல வருஷமாகிறது. சின்டெக்ஸ் தொட்டி இருந்த இடத்தில் ஒரு செல்போன் கடை. தண்ணீர் குழாயில் வீட்டுக்குள்ளேயே வருகிறது. ஆரஞ்சுக் குடம் வெளுத்து, விரிசல் விட்டு, எப்போதோ பழைய பிளாஸ்டிக்காரரிடம் போய்விட்டது. அந்த லாரிகளும் உடைபட்டு இரும்பாகியிருக்கும். ஓட்டியவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றும் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தேன். ஏழு மணிக்கு ஜெபம். அப்பாவுக்கு இப்போது ஞாபகம் கொஞ்சம் மட்டு. "சங்ககிரி நாப்பத்தேழு" என்றார், "பஞ்சாப் பதிமூணு" என்றார், பிறகு தடுமாறி நின்றார். நான் வாய் திறப்பதற்குள், அந்த வண்டிகளில் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்திராத என் தம்பி, மூடிய கண்ணைத் திறக்காமலே சொன்னான்:

"ஆந்திரா அறுவத்திரெண்டு, நைனா."