பாக்கலாம்லா

இன்று காலை தோட்ட ஆபீசில், எங்கள் லயத்து வீட்டுக் கூரை ஒழுகுவதாக மூன்றாவது முறை சொன்னேன்.

"பாக்கலாம்லா," என்றார் கணக்கெழுதும் கிராணி, டைப்ரைட்டரிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவருக்கு அந்த வார்த்தை மேனேஜரிடமிருந்து தொற்றியது. கிராணியிடமிருந்து, எங்களை வேலை வாங்கும் மண்டோருக்கு. கேட்டாலே எனக்கு எரிச்சல்.

வீட்டுக்கு வந்ததும் மகள் செல்வி ஓடி வந்தாள். "அப்பா, வெள்ளிக்கிழமை கோலசிலாங்கூர்ல எனக்குப் பேச்சுப் போட்டி. வருவீங்களா?"

"பாக்கலாம்லா," என்றேன்.

அவள் அழவில்லை. உள்ளே போய், "அம்மா, அப்பா வரமாட்டாராம்," என்றாள்.

உடனே மண்டோர் வீட்டுக்குப் போய் லீவு கேட்டேன்.

"பாக்க..." என்று தொடங்கினார்.

"ஆமாவா இல்லையா, ஒண்ணு சொல்லுங்க மண்டோரே."

"சரி, போய்ட்டு வா," என்றார்.

வருகிறேன் என்று செல்வியிடம் சொன்னேன். "நெசமாவா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

உங்கள் பிள்ளைகள் எத்தனை முறை கேட்கிறார்கள்?