பெரியப்பாவின் ஊதல்

போன மாதம் தீமிதியன்று, பர்மாவில் பசுந்தாங்கிலுள்ள எங்கள் கோயில் வாசலில் அந்த ஊதலைக் கேட்டேன். சித்தப்பா மகன் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கார்களைப் பின்னால் வா, பின்னால் வா என்று வரிசையில் விட்டுக்கொண்டிருந்தான்.

அது பெரியப்பாவுடையது. வளைந்த பித்தளைக் குழாய், நுனியில் ஒரு குண்டு. அவர் கடற்படையில் இருந்தார். துறைமுகத்தில் மூட்டை சுமக்க வந்த தமிழனின் மகன் பர்மியப் பெயரில்தான் அங்கே சேர்ந்தார். கப்பலில் அந்தப் பெயரைத் தவிர வேறு பெயர் அவருக்கு இல்லை. வீட்டில் அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. பெரிய அதிகாரி கப்பலில் ஏறினால் இவர் ஊதுவார், இறங்கினால் ஊதுவார். ஆயுள் முழுக்க அடுத்தவன் வரவுக்கும் போக்குக்கும் ஊதியே தேய்ந்த மனிதர். ஓய்வுபெற்ற பிறகு, காலையில் ஒரு கிண்ணம் மொஹிங்கா மீன்சாறு குடித்துவிட்டு லுங்கி நுனியால் அதைத் துடைத்தபடி சொல்வார்: "எனக்கு மேளமும் வேணாம், மாலையும் வேணாம். நான் போறப்ப எங்க கப்பல் ஆளுங்க வந்து ஒரு தடவ இத ஊதணும். சொல்லி வச்சிருக்கேன்." சித்தப்பாவும் தலையாட்டுவார். தெருவில் எவனாவது முறைத்தால் "எங்கண்ணன் யாரு தெரியுமில்ல" என்று ஆரம்பிக்கிறவர் ஆயிற்றே.

பெரியப்பா இறந்த அன்று பத்திரிகைக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இரண்டு பெயர். சாவு அறிவிப்பில் இரண்டையும் சேர்த்துப் போடுவதுதான் வழக்கம். நான் பர்மியப் பெயரையும் சொன்னேன். சித்தப்பா சீறினார். "செத்த பொறகாவது நம்ம ஆளா போகட்டும். பேர மாத்துனவன்னு கோயில்ல நாலு பேர் பேசணுமா?" அப்போது அவர் கோயில் தலைவர் பதவிக்கு நின்றுகொண்டிருந்தார். தமிழ்ப் பெயர் மட்டும் அச்சானது. கப்பல்காரர்களை வேறு எங்கே தேடுவது என்று எங்களுக்குத் தெரியாது. ஒருவர்கூட வரவில்லை. மேளம் வந்தது, மாலை வந்தது. ஊதல் அலமாரியில் கிடந்தது.

காரியமெல்லாம் முடிந்தபின் இன்சீனிலிருந்து ஒரு கப்பல்காரக் கிழவர் ரயிலேறி வந்தார். பெரியப்பாவின் பர்மியப் பெயருக்கு முன்னால் மரியாதையாக 'ஊ' சேர்த்து, இருக்கிறாரா என்று கேட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"தினமும் சாவுப் பக்கத்தைப் பார்க்கிறேனே மகளே, அவர் பெயர் வரவே இல்லையே" என்றார் பர்மிய மொழியில்.

உள்ளே சித்தப்பா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

தீமிதியன்று சித்தப்பா மகனிடம் நேராகப் போய்க் கை நீட்டினேன். "அதக் கொடுடா."

"சும்மா கெடந்ததுதானக்கா" என்றான்.

அதற்குள் தலைவரின் கார் வந்துவிட்டது. அவன் என்னை ஒதுக்கிவிட்டு மூச்சுப் பிடித்து ஊதினான். கூட்டம் விலகி வழிவிட்டது. சித்தப்பா இறங்கினார்.