நல்ல பல்லில் இரண்டு பள்ளம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், பர்மாவில், அலோன் கப்பல் ஜெட்டியில் எனக்குச் சீட்டியடிக்கிற வேலை. சிரிக்க வேண்டாம், பொறுப்பான வேலை அது. கப்பலின் மேல்தட்டில் வின்சு என்கிற சுமைதூக்கியை ஓட்டுகிறவருக்கு அடிக்கிடங்கில் நடப்பது தெரியாது. கீழே மூட்டை அடுக்குகிறவர்களில் பாதிப்பேர் தெலுங்கர். மீதி தமிழரும் ஒரியரும். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. நான் கிடங்கின் வாயில் நின்று இரண்டு கையாலும் சைகை காட்டுவேன். வின்சின் நீராவி மூடிக் கை தெரியாமல் போனால் ஒரே ஒரு சீட்டி; வின்சு நின்றுவிடும். தகர ஊதலை ஜெட்டியில் போகிறவன் வருகிறவன் எல்லாம் ஊதியதால் அதை யாரும் மதிப்பதில்லை.

ஒரு நாள் சங்கிலிக் கொக்கி ஆடி வந்து என் மேல்வாய் முன்பற்கள் நான்கையும் கொண்டுபோயிற்று. அதோடு சீட்டியும் போனது. வாயைக் குவித்தால் வெறும் காற்றுதான் வந்தது. பெரிய மேஸ்திரி என்னைச் சாக்குத் தைக்க அனுப்பினார். "அடுத்த அரிசிக் கப்பல் வரைக்கும் உன் எடத்த வச்சிருப்பேன். அப்புறம் வேற ஆளுதான்" என்றார்.

தாமுவே கடைத்தெருவில் ஒரு சீனப் பல் வைத்தியர் இருந்தார். பர்மியர் வைத்தியரை அழைப்பதுபோல் நாங்களும் அவரைச் சயா என்போம். வாயைப் பார்த்துவிட்டு அரைகுறைத் தமிழில் சொன்னார்: "நாலு பல்லு தட்டுல வச்சுத் தர்றேன். ரெண்டு பக்கமும் கம்பி வரும். கம்பி உக்கார நல்ல பல்லு மேல சின்னப் பள்ளம் போடணும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "போன பல்லு போச்சு. இருக்கிறதயும் கெடுக்கவா வந்தேன்? கை வைக்காமச் செஞ்சு குடுங்க சயா."

"நிக்காது" என்றார். நான் பிடித்த பிடியை விடவில்லை. பாவம், செய்து கொடுத்தார்.

மறுநாளே ஜம்பமாகப் பெரிய மேஸ்திரி முன்னால் போய் நின்று, மூச்சை இழுத்து ஒரு சீட்டி விட்டேன். சத்தம் வரவில்லை, பல்செட்தான் வந்தது. பறந்துபோய் அரிசி மூட்டைகளுக்கு நடுவே விழுந்தது. மொழி புரியாத அத்தனை பேருக்கும் அது மட்டும் நன்றாகப் புரிந்தது. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்து சயாவைத் திட்டினேன். என் மனைவி மிளகாய் அரைத்தபடியே கேட்டாள்: "போன வாரம் அம்மி கொத்த ஆள் வந்தாரே, ஐயோ கல்லு தேயுதேன்னு நான் அழுதேனா? கொத்தாத அம்மியில மொளகா அரைபடுமாங்க?"

சரியாகச் சொன்னாளே என்றுதான் எனக்கு இன்னும் கோபம். ஆனாலும் மறுநாள் காலை சயாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

அவர் காலால் மிதிக்க, கம்பி முனை சுழன்றது. கொம்பு கருகுகிற வாடை வந்தது. நகம் வெட்டுகிற அளவுக்குக்கூட வலிக்கவில்லை. இதற்கா இத்தனை ஆட்டம் ஆடினேன் என்று வெட்கமாக இருந்தது. பக்கத்துக்கொரு பல்லில், உளுந்தம்பருப்பு படுக்கிற அளவுக்குப் பள்ளம். பிறகு மெழுகைக் கடிக்கச் சொல்லி, அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வாய் மூடும்போது கம்பிக்கு இடம் இருக்க வேண்டுமாம். போதாதென்று இன்னும் கொஞ்சம் தேய்த்து, விளிம்பை மழமழப்பாக்கிப் புதிதாக அச்செடுத்தார். "பாரம் ஈறு மேல விழக்கூடாது, பல்லு மேல விழணும்" என்றார். இந்த முறை வாயை மூடிக்கொண்டு கேட்டேன், அதாவது திறந்துகொண்டு.

புதுப் பல்செட் வந்த வாரமே அரிசிக் கப்பலும் வந்தது. வின்சில் இருந்தவர் நாகூர்க்காரர், என்னோடு பல வருஷம் வேலை செய்தவர். நான் திரும்பி வந்தது அவருக்குத் தெரியாது. பெரிய மேஸ்திரி என் முதுகுக்குப் பின்னால் நின்றார். அவர் என் பக்கம் பார்க்கும் முன்பே, முதல் சுமை இறங்கும்போதே நீராவி மூடிக்கொண்டது. கீழே ஒருவர் குனிந்து கிழிந்த சாக்கை இழுத்துக்கொண்டிருந்தார். சுமை நேராக அவர் தலைக்கு மேலே வந்தது. யோசிக்க நேரமில்லை. நாக்கை மடித்து ஊதினேன்.

ஆற்றுக்கு அக்கரை வரை கேட்டிருக்கும். வின்சு நின்றது. சுமை அந்தரத்தில் தொங்கியது. கீழே இருந்தவர் நிமிர்ந்து பார்த்து ஒதுங்கிக்கொண்டார்.

நீராவிக்குள்ளிருந்து நாகூர்க்காரரின் குரல் வந்தது. "மச்சான், வந்துட்டியா!"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.