ஓதிய போத்தலில் ஒரு நுள்ளு உப்பு

கச்சிமுகம்மதுவின் பந்தாட்டச் சட்டையைத் துவைத்துத் துவைத்து அவருடைய மனைவி சுஹறாவுக்கு ஒன்று மட்டும் நன்றாகப் பிடிபட்டிருந்தது. அந்த மனிதரின் உடம்பிலிருந்து வெளியே வருவது வெறும் தண்ணீர் அல்ல. நீலச் சட்டையின் முதுகில் வியர்வை காய்ந்து வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டிருக்கும். உதறினால் இரண்டு கட்டாப்பாரை கருவாடு போட உப்புத் தேறும் என்று அயலில் சொல்வாள். சட்டை பிழிந்த தண்ணீர் பாய்ந்து கிணற்றடி வாழைப்பழமே உப்புக் கரித்தது என்றும் சொல்வாள். அதில் பாதியை நம்பலாம்.

எண்பத்திரண்டாம் ஆண்டு. முப்பத்தாறு வயதுக் கச்சிமுகம்மது கல்முனைச் சந்தையில் ஆறு நாளும் புடைவைக் கடைப் பாயில் சம்மணமிட்டு இருப்பார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுது, மூன்று பேருக்கு ஆக்கிய சோற்றைத் தனியே தின்றுவிட்டு, நாலு மணிக்குக் கடற்கரை மைதானத்தில் இறங்கிக் காற்றாய்ப் பறப்பார். இடைவேளையில் வயிறு முட்டத் தண்ணீர் குடிப்பார். பிறகு கால்மணி நேரம் போகாது. கெண்டைக்கால் இறுகி, குலையோடு தென்னை சாய்ந்த மாதிரி விழுவார். நாலு பேர் கதவுப் பலகையில் சுமந்துவந்து முற்றத்தில் இறக்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை வரை எண்ணெய் போட்டு உருவிவிடுவது சுஹறாவின் வேலை.

எல்லாம் ஊரார் கண்பட்டு வந்த கண்ணூறு என்பது அவர் முடிவு. பள்ளிவாசல் லெப்பையிடம் ஓதிய தண்ணீர் ஒரு போத்தல் வாங்கிக் குடித்தார். விழுந்தார். இரண்டு குடித்தார். மூன்று குடித்தார். தண்ணீர் கூடக் கூட இன்னும் முந்தி விழுந்தார்.

ஒருநாள் அணித் தலைவன் காலிதீன் வாசல் கடப்படியில் வந்து நின்றான்.

“மச்சான், வாற வெள்ளி திருக்கோவில்காரனோட ஆட்டம். இந்தமுறையும் உங்களைத் தூக்க ஆள் தேடவெச்சா, பேரை வெட்டித்தான் ஆகணும். கோவிக்காதீங்க.”

கச்சிமுகம்மது அன்றைக்குத் தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பதினேழு வருஷம் ஆடிய அணி. சுஹறாவுக்கு வேறு பயம். வெள்ளிக்கிழமையும் இந்த மனிதர் வீட்டிலிருந்தால் சட்டிக்குள் எட்டிப் பார்த்துக் கறிக்குக் குறை சொல்வார்.

கடைக்குட்டிக்கு வயிற்றோட்டம் வந்தபோது மருத்துவமாது சொல்லிக் கொடுத்தது அவளுக்கு நினைவிருந்தது. கொதித்தாறிய தண்ணீர் ஒரு போத்தல், மூன்று விரல் நுள்ளு உப்பு, ஒரு கைப்பிடி சீனி. தேசிக்காய் பிழிந்தது அவளுடைய சொந்த யோசனை. கலக்கிக் கொண்டுவந்து நீட்டினாள்.

“என்ன புள்ள இது?”

“உப்பும் சீனியும். உடம்பால போன உப்பு திரும்ப வரவேணாமா? வெறுந்தண்ணியாக் குடிச்சா எங்கால வரும்?”

“வயித்தால போற புள்ளைக்குக் குடுக்கிறதுதானே இது?”

“ஓம்.”

“ஊரில என்ன கதைப்பானுகள்? கச்சிமுகம்மதுக்கு வயித்தோட்டம், அதான் இந்த ஓட்டம் ஓடுறான் எண்டுவானுகள்.”

“ஓடினாத்தானே கதைக்க. இப்ப படுத்தெல்லோ கிடக்கிறீங்க.”

அவர் எழும்பிப் போய்க் கோழி குடிக்கிற சட்டியில் அதை ஊற்றினார். சுஹறா சட்டையை விரித்து வெள்ளைக் கோட்டைக் காட்டினாள். சவர்க்காரம் சரியாக அலசுப்படவில்லை என்றார்.

வெள்ளிக்கிழமை காலை, அவருக்கு ஓதிய தண்ணீர் எடுக்கும் மூன்று போத்தல்களிலும் உப்பும் சீனியும் கலக்கியெடுத்துக்கொண்டு சுஹறா மீராசாஹிபு லெப்பையின் வீட்டுக்குப் போனாள். அவர் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“கலங்கலாக் கிடக்கே, மகள்?”

மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். லெப்பை தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

“உப்புப் போட்ட தண்ணிக்கு ஓதக்கூடாதெண்டு ஒரு சட்டமுமில்ல. ஓதித் தாறன். ஆனா அவர் கேட்டா நான் பொய் சொல்லமாட்டன்.”

“கேக்கமாட்டார், மாமா. அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே.”

அன்று பின்னேரம் மைதானத்துச் சத்தம் வீடுவரை கேட்டது. சுஹறா வழக்கம்போல் பாயை விரித்து, எண்ணெயைச் சுடவைத்து, கதவுப் பலகை வருகிறதா என்று ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் அடங்கியது. கச்சிமுகம்மது தன் இரண்டு காலாலும் நடந்து வந்தார்.

“மூணு கோல் வாங்கித் தோத்துட்டம்” என்றார், முகம் முழுக்கச் சிரிப்போடு. “ஆனா கடைசி விசில் ஊதுமட்டும் நிண்டன், புள்ள. காலிதீன் பேரை வெட்டல்ல.”

“அல்ஹம்துலில்லாஹ்.”

“லெப்பைட ஓதல் இந்தமுறை கடும் ஓதல். நாக்கில கரிச்சுது எண்டாப் பாரு.”

“ஏன் கரிச்சுதெண்டு அவரிட்டக் கேட்டீங்களா?”

“வரக்குள்ள கேட்டன். ‘உப்புப் போட்டிருக்கு, மனே’ எண்டார். பெரிய மனிசர், தன்ட ஓதலைத் தானே புகழுவாரா?” வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தவர் திரும்பிப் பார்த்தார். “வாற கிழமைக்கு ஆறு போத்தல் ஓதி எடுத்து வை. காலிதீனுக்கும் வேணுமாம்.”

சுஹறா குசினிக்குள் போய்ச் சீனி டின்னைத் திறந்து பார்த்தாள். அடித்தகரம் தெரிந்தது.

“அப்ப நாளைக்குச் சந்தையால வரக்குள்ள ரெண்டு கிலோ சீனி வாங்கி வாங்க.”

“தண்ணி ஓதுறத்துக்குச் சீனி என்னத்துக்கு?”

சுஹறா டின்னை மூடினாள்.

“தேத்தண்ணிக்கு” என்றாள்.