பிளேன்டி தேத்தண்ணி இல்லை

கந்தோருக்கு ஏற மொத்தம் பதினெட்டுப் படி. பத்தாவதில் நின்று துறைமுகத்தைப் பார்ப்பது என் வழக்கமாகிப் போனது. கடலை ரசிக்கிறேன் என்று கூட வேலை செய்கிறவர்கள் நினைத்தார்கள். மூச்சு வாங்கியது எனக்குத்தான் தெரியும்.

டொக்டர் இரத்தம் குறைவு, மூலவியாதியால் போகிறது என்றார். காரணத்தின் மூலம் மூலம்தான் என்று பகிடி விட்டேன்; அவர் சிரிக்காமல் இரும்புச்சத்துக் குளிசை எழுதினார். பத்து நாளில் ஒரு பரிசோதனை. எலும்பு மச்சையிலிருந்து புதிதாக வெளிவரும் முதிராத இரத்தச் செங்கலங்களை எண்ணுவார்களாம். அந்தப் பிஞ்சுகள் கூடியிருந்தால் குளிசை வேலை செய்கிறது. கூடாவிட்டால் இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மச்சையையே பார்க்க வேண்டி வரலாம். அந்த 'வரலாம்' என் காதில் கப்பல் சங்கு மாதிரி விழுந்தது.

இரத்தம் கொடுத்துவிட்டு ரிப்போட் வரும்வரை இருக்க ஏலாமல் பஸ் நிலையத்தைச் சுற்றினேன். மூதூர் பஸ் கொண்டக்டர் இரண்டு தரம் ஏறச் சொன்னார். மூன்றாம் தரம், ஆரையும் தேடுகிறீர்களோ என்று கேட்டார். என்னுடைய மச்சையை என்று சொல்ல வாய் வந்தது.

பிஞ்சுகள் கூடவில்லை.

அன்றிரவு மனைவியைக் கூப்பிட்டு, காணி உறுதி அலுமாரிக்குள் இருக்கிறது என்று தழுதழுத்தேன்.

"அந்த அலுமாரித் திறப்பை நீங்கள் துலைச்சு மூண்டு வருசம்," என்றாள்.

மறுநாள் டொக்டர் ரிப்போட்டைப் பார்த்துவிட்டு, குளிசையை எப்படிக் குடிக்கிறீர்கள் என்றார். ஒரு நேரமும் தவறவிடவில்லை, காலையும் பின்னேரமும் பிளேன்டியோடு என்று பெருமையாகச் சொன்னேன்.

"தேத்தண்ணியோட குடிக்கக் கூடாது எண்டு சொன்னனான் எல்லோ?"

"தேத்தண்ணியை அண்டைக்கே விட்டிட்டன் டொக்டர். இது வெறும் பிளேன்டி."

முதல் தடவையாக அவர் சிரித்தார். நான் என்ன செய்ய? எங்கள் வீட்டில் பால் விழுந்தால்தான் அது தேத்தண்ணி. பால் இல்லாதது தண்ணீர்க் கணக்கு. தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது, பால் இருந்தாலென்ன இல்லாவிட்டாலென்ன என்று டொக்டர் விளங்கப்படுத்தி, குளிசையைப் புளிக்கிற தேசிக்காய்த் தண்ணியோடு இன்னும் பத்து நாள் குடிக்கச் சொன்னார். அதற்கும் அசையாவிட்டால் ஊசிதான்.

அந்தப் பத்து நாளும் ஒரு கதிரையில் பத்து நிமிடம் இருந்திருப்பேனோ தெரியாது. கண்ணாடிக்கு முன் கீழ் இமையை இழுத்து இழுத்துப் பார்த்ததில் கண்தான் சிவந்தது. இரத்தம் ஊறிவிட்டது என்று அதற்கும் அரை நாள் சந்தோசப்பட்டேன்.

இரண்டாவது ரிப்போட்டை டொக்டர் மேசையில் வைத்து, இனி ஊசி தேவையில்லை என்றார். வீட்டு வாசலிலேயே மனைவியிடம், முதிராதது நல்லாக் கூடிப்போச்சாம் என்றேன்.

"அது கலியாணம் கட்டின கிழமையே எனக்குத் தெரியும்," என்றாள்.

ரிப்போட்டை வாங்கிக்கொண்டு போய் அலுமாரியைத் திறந்தாள். திறந்தாள்! கையில் பளபளவென்று புதுத் திறப்பு.

"இதை எப்ப செய்விச்சனீர்?"

"முதல் ரிப்போட் வந்த அடுத்த நாள்," என்று உள்ளே பார்த்தபடியே சொன்னாள்.

ரிப்போட்டைக் காணி உறுதிக்கு மேல் வைத்துப் பூட்டினாள்.