வெயிலில் காய்ந்த வளையங்கள்

அதியமான்கோட்டைப் பக்கம் நான் வேலை பார்க்கும் பட்டறையில் கேமரா மெஷினில் உட்கார ஆறு மாதமாகத் தவமிருந்தேன். அதுவரை எனக்கு வாய்த்தது, லேத்தில் கடைந்து வரும் அலுமினிய வளையங்களைக் கழுவும் வேலை. கேமரா மெஷின் பார்க்கச் சாதுவாக இருக்கும். கண்ணாடித் தட்டுக்குக் கீழே விளக்கு, மேலே கேமரா. தட்டில் வைத்த வளையத்தின் நிழலைப் பார்த்தே விட்டத்தைச் சொல்லிவிடும். சரியென்றால் பச்சை. தலைமுடித் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு கூடினாலும் சிவப்பு.

ஒரு நாள் சூப்பர்வைசர் சொன்னார். "இன்னிக்கு அம்பது வளையம். நீயே கழுவி நீயே அளந்து காட்டும்மா. சரியா செஞ்சீன்னா மெஷின் உனக்குத்தான்."

முதல் வளையம் சிவப்பு. இரண்டாவதும் சிவப்பு. முதலில் எடுத்து வந்த பத்தும் சிவப்பு! எனக்கு மூக்குக்கு மேல் கோபம். டீக்குப் போயிருந்த சூப்பர்வைசர் வரும்வரை கேமராவைத் திட்டித் தீர்த்தேன். அவர் வந்ததும், நிரூபிக்கிறேன் பேர்வழி என்று முதல் வளையத்தை மறுபடி வைத்தேன். பச்சை!

"பாத்தீங்களா சார்? அதே வளையம். அப்போ சிவப்பு, இப்போ பச்சை. கேமரா பொய் சொல்லுதுங்க."

அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஓசூரில் இருக்கும் மெஷின்காரர்களுக்குப் போன் போட்டார். ஜெயித்த மிதப்பில் நான் வெளியே போய் அடுத்த பத்து வளையங்களை அள்ளினேன். கை சுட்டது.

கழுவியதும், வீட்டில் ராகி காயப்போடுகிற பழக்கத்தில், வாசலில் தார்ப்பாய் விரித்து எல்லாவற்றையும் வெயிலில் பரப்பியவள் நானேதான். சூட்டில் வளையங்கள் பெருத்திருந்தன; முதல் வளையம் உள்ளே கிடந்து ஆறியதும் பழைய அளவுக்குச் சுருங்கிப் பச்சை காட்டியிருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

பேசாமல் இருந்திருக்கலாம். பழி கேமராவோடு போயிருக்கும். சொன்னால் மெஷின் கைவிட்டுப் போகும். ஆனாலும் உள்ளே ஓடினேன்.

"போனை வெச்சிருங்க சார். தப்பு என்னுதுங்க. வெயில்ல காயப்போட்டுட்டேன்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். வளையங்களை உள்ளே கொண்டுவந்து ஃபேனுக்கடியில் ஆறவைத்தேன். பிறகு ஒவ்வொன்றாக வைக்க வைக்கப் பச்சை. முப்பதைத் தாண்டியதும் சந்தோஷத்தில் கைதட்டியே விட்டேன். ஐம்பதும் பச்சை.

மெஷின் திரையில் அளப்பவர் பெயர் கேட்கும் கட்டத்துக்குள் சூப்பர்வைசர் என் பெயரைத் தட்டினார்.

"அதுவும் பொய் சொல்லலை, நீயும் சொல்லலை. ரெண்டு பேரும் சேந்தே வேலை பாருங்க."