ஏஜென்டுக்கு ஒரு கேட் பாஸ்

கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை என்பது சாவிக்கொத்து வேலை. கொத்து இடுப்பில் தொங்காது, அவ்வளவுதான். ‘பர்மிஷன் டினைட்’ என்ற இரண்டு வார்த்தையைக் காலையில் திரையில் பார்த்துவிட்டு, கையிலெடுத்த டீ ஆறும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தவர் உங்களில் யாராவது இருந்தால் வாருங்கள், நாமெல்லாம் சொந்தக்காரர்கள். எனக்கு வீடு பெஹாலா, ஆபீஸ் அலிப்பூர். கடைக்காரர்களுக்கு வலைத்தளம் செய்து கொடுத்துப் பராமரிக்கிற சின்னக் கம்பெனி. அங்கே தமிழ் பேசுகிற ஆள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் வங்க மொழியில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

குடும்பத்தில் ஏது ரகசியம்

சர்வருக்குள் பாஸ்வேர்டு அடித்து நுழைவதை விட்டுவிட்டு எல்லாரும் சாவிக்கு மாற வேண்டும் என்று முடிவானது. சாவி என்பது கம்ப்யூட்டரில் இரண்டு ஃபைல்கள். ஒன்று பப்ளிக் கீ. அதைப் பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். இன்னொன்று பிரைவேட் கீ. அதுதான் நிஜச் சாவி. பெற்ற தாய்க்கும் காட்டக்கூடாது. பப்ளிக் கீயை மட்டும் எனக்கு அனுப்புங்கள் என்று எல்லாருக்கும் மெயில் போட்டேன்.

ஷுபங்கர்தா (‘தா’ என்றால் அண்ணன்) எங்கள் ஆபீஸிலேயே மூத்த புரோகிராமர், தங்கமான மனிதர். சொன்ன வேலையை ஐந்து நிமிடத்தில் முடித்தார். பிரைவேட் கீயை முழுசாக எடுத்து ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில் போட்டார். அந்தக் குரூப்பில் எங்களுக்கு டீ கொண்டுவரும் கடைக்காரரும் உண்டு. நான் பார்ப்பதற்குள் அவர் கட்டைவிரலைத் தூக்கி லைக் போட்டிருந்தார். நான் ஷுபங்கர்தாவின் சீட்டுக்கு ஓடி, அதை அழிக்கச் சொல்லி, புதுச் சாவி ஒன்று உண்டாக்க வைத்து, நடந்த ஆபத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர் சொன்னார்:

“இந்த ஆபீஸே ஒரு குடும்பம்னு போன மாசம் மீட்டிங்ல நீதானே பேசின, குடும்பத்துல என்ன பிரைவேட்?”

வருபவர் பெயர்

சாவிக்கும் ஒரு பாஸ்வேர்டு உண்டு. ஒவ்வொரு தடவையும் அதை அடித்தால் விரல் தேயும். அதற்காகத்தான் ஏஜென்ட் என்று ஒரு சின்ன புரோகிராம். கறுப்புத் திரையில் ஒரு கட்டளை கொடுத்தால் எழுந்து உட்காரும். சாவியை ஒருமுறை திறந்து அதனிடம் ஒப்படைத்துவிட்டால், மெஷினை அணைக்கும்வரை எந்த சர்வர் கேட்டாலும் நமக்குப் பதிலாக அதுவே பதில் சொல்லிவிடும். ஆகவே அடுத்த மெயிலில், ‘திங்கள் முதல் ஒவ்வொருவருக்கும் ஒரு ஏஜென்ட் இருப்பார், காலையில் வந்ததும் சாவியை அவரிடம் கொடுத்துவிடுங்கள்’ என்று எழுதினேன். மரியாதையாக ‘இருப்பார்’ என்று எழுதியது என் தப்புதான்.

திங்கட்கிழமை, கட்டட நிர்வாகத்தைக் கவனிக்கும் தத்தா பாபு ஒரு கட்டுத் தாளோடு என் முன்னால் வந்து நின்றார். முப்பது கேட் பாஸ் அடித்து, சீல் வைத்து, பெயர் எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார். வாட்ச்மேனிடமும் சொல்லியாயிற்றாம். ஏஜென்டுக்குக் கை கால் கிடையாது, கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் என்று சொல்லிப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. தாள்களை மடித்துக்கொண்டே அவர் நிம்மதியாகச் சொன்னார்:

“நல்லதாப் போச்சு, முப்பது நாற்காலிக்கு எங்க போறதுன்னு ஞாயித்துக்கிழமை பூரா யோசிச்சேன்.”

பதினொரு சாவி

மௌமிதா என் பக்கத்து சீட். கெட்டிக்காரி, என்னை ‘தீதி’, அதாவது அக்கா, என்று கூப்பிடுவாள். ஒரு நாள் வாடிக்கையாளர் வந்து எதிரே உட்கார்ந்திருக்கும்போது சர்வர் அவளை உள்ளே விடவில்லை. சாவி சரி, பாஸ்வேர்டு சரி, ஆனாலும் வெளியே தள்ளுகிறது. கண்ணில் நீர் முட்ட என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஏஜென்டிடம் என்னென்ன சாவி இருக்கிறது என்று பட்டியல் கேட்டேன். பதினொன்று. பழைய வேலையின் சாவி, கல்லூரி புராஜெக்டின் சாவி, ‘டெஸ்ட்’, ‘டெஸ்ட் புதுசு’, ‘டெஸ்ட் நிஜமாவே புதுசு’. ஏஜென்ட் ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டே போக, ஆறாவது தப்புச் சாவியிலேயே சர்வர் கதவைச் சாத்திவிடுகிறது. நான் ஒரே கட்டளையில் ஏஜென்டின் கையைக் காலி செய்தேன். மௌமிதாவுக்கு மூச்சே நின்றது. ஃபைல்கள் பத்திரமாக அப்படியேதான் இருக்கின்றன, ஏஜென்ட் மறந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லி, சரியான ஒரு சாவியை மட்டும் சேர்த்தேன். கதவு திறந்தது. வாடிக்கையாளர் இதையெல்லாம் கவனமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“எங்க கடைச் சாவி பூராவும் என் மச்சான் கையிலதான், இதே மாதிரி அவனுக்கும் ஒரு கட்டளை இருந்தா எழுதிக் குடுங்க.”

பொத்தொ குலொம்பு

இது என் மானம் போன கதை. என் சாவிக்கு யாருமே யூகிக்க முடியாத பாஸ்வேர்டாக, வத்தக்குழம்பை இங்கிலீஷ் எழுத்தில் வைத்திருந்தேன். மெஷினை அணைக்கவே மாட்டேன். எட்டு மாதம் ஏஜென்டே எல்லாம் பார்த்துக்கொண்டது.

துர்கா பூஜைக் காலத்தில், பஞ்சமி அன்று மதியம் மழை கொட்டி, கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் உயிரை விட்டது. மெஷின் திரும்ப எழுந்தபோது ஏஜென்ட், என்னிடம் சாவியே இல்லை என்றது. அதே நேரம் ஒரு புடவைக் கடையின் தளம் நின்றுபோனது. பண்டிகைக்கு ஆர்டர் குவிகிற நாள். சர்வரில் இடம் நிரம்பிவிட்டிருக்கிறது. நுழைந்து பழைய ஃபைல்களை அழித்தால் போதும். நுழையத்தான் முடியவில்லை. அந்த சர்வருக்கு என் சாவி ஒன்றுதான். இன்னொருவரையும் சேர்த்து வைக்காதது என் அலட்சியம். வத்தக்குழம்பை ஒரு டி, இரண்டு டி, நடுவில் ஹெச், கடைசியில் யூ என்று நாற்பது விதமாக எழுதிப் பார்த்தேன். கடைக்காரர் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் போன் செய்தார். அம்மாவுக்குப் போன் போட்டு, வத்தக்குழம்பை இங்கிலீஷில் எப்படி எழுதுவாய் என்று கேட்டேன். இங்கிலீஷில் எழுதி யாருக்குச் சமைக்கப்போகிறாய் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

என்ன முணுமுணுக்கிறீர்கள் என்று மௌமிதா எட்டிப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் சொன்னேன். ஓ, நீங்கள் டிபனில் கொண்டுவருகிற பொத்தொ குலொம்பா என்றாள். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. எந்தத் தமிழனும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று, அவள் சொல்கிற மாதிரியே எழுத்துக் கூட்டி வைத்தது நானேதான். அடித்தேன்; திறந்தது. புடவைக் கடை பிழைத்தது. அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றினேன், அந்த சர்வருக்கு இரண்டாவது ஆளாக மௌமிதாவையும் சேர்த்தேன். அவள் மட்டும் சாயங்காலம்வரை சிரித்துக்கொண்டிருந்தாள்:

“அப்போ எட்டு மாசமா இந்த ஆபீஸைக் காப்பாத்தினது என் தப்பு உச்சரிப்பா, தீதி?”

கடைசிக் கதவு

போன குளிர்காலத்தில் ஷுபங்கர்தா ஓய்வு பெற்றார். போகிறவரின் சாவியை ஒவ்வொரு சர்வரிலிருந்தும் எடுத்துவிட வேண்டும். அது என் வேலை. அவர் மேல்தளத்தில் கேக் வெட்டுகிற நேரமாகப் பார்த்துச் செய்துவிடலாம் என்றிருந்தேன். அவரோ கேக் துண்டோடு இறங்கி வந்து பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பதினான்கு சர்வர். ஒவ்வொன்றாக அவர் பெயர் இருந்த வரியை அழித்தேன். இதை எழுதியது நான், அதை மூன்று தடவை உடைத்தது நான் என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

முடிந்ததும் தன் லேப்டாப்பைத் திறந்து, ஏஜென்டிடம் சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, தனக்குப் பிடித்த சர்வருக்குள் நுழையப் பார்த்தார். ‘பர்மிஷன் டினைட்’ என்று வந்தது. இன்னொரு சர்வர், அங்கேயும் அதே. மனிதர் கலங்கிவிடுவார் என்று பயந்தேன். அவர் முகம் மலர்ந்து, கேக்கில் பாதியை எனக்குக் கொடுத்தார்:

“என்னையே விடலைன்னா, நீ வேலையை ஒழுங்காத்தான் பண்ணிருக்க.”

ஆக, யாரையும் உள்ளே விடாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு, நாள் முழுக்க எல்லாரையும் உள்ளே விட்டுக்கொண்டிருப்பதற்குப் பெயர்தான் என் உத்தியோகம்.